சுங்கை சிப்புட் கடைக்கு ஸூமா, மீட்டா, வாட்ஸ்அப்பா?

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் டவுனில் கடைவீட்டு மாடியில் டியூஷன் நடத்துகிறவரும் கீழே சேலைக்கடை வைத்திருப்பவரும் இணையச் சந்திப்புக்குச் சேவை தேடும்போது முதலில் பார்ப்பது விலை. அடுத்தது, எத்தனை பேர் சேரலாம் என்ற எண்ணிக்கை. 100 பேர், 300 பேர் என்று போட்டிருக்கும். டியூஷனுக்கு வரும் பிள்ளைகளோ 18 பேர். சேலைக்கடைக்காரர் ஒரு நேரத்தில் பேசுவது ஒரு குடும்பத்தோடு. அந்த எண் நமக்கு ஒரு நாளும் உதவாது. பார்க்க வேண்டியது மறுமுனையில் இருப்பவரை. லிந்தாங் பக்கத்துத் தோட்டத்து வீட்டில், அம்மாவின் கைப்பேசியில், பிரிபெய்ட் டேட்டாவில் வகுப்புக்குச் சேரும் அந்தக் கடைசிப் பிள்ளையால் எதைச் சிரமமில்லாமல் திறக்க முடிகிறதோ, அதைத்தான் வாங்க வேண்டும்.

அதனால் விளம்பரப் பக்கத்தைத் திறக்கும் முன் ஒரு தாள் எடுத்து நாலு விஷயம் எழுதுங்கள். ஒரு சந்திப்பு எத்தனை நிமிடம் ஓடும்? இருவர் பேச்சா, அதற்கு மேலா? பதிவு செய்ய வேண்டுமா? சேருகிறவர்களில் கணினி வைத்திருப்பவர் எத்தனை பேர், கைப்பேசி மட்டும் உள்ளவர் எத்தனை பேர்? இந்த நாலுக்கும் விடை தெரிந்தால் பாதிச் சேவைகள் தாமாகக் கழன்றுவிடும்.

நிமிடக் கணக்கில்தான் பலர் வழுக்குகிறார்கள். ஸூம் இலவசக் கணக்கில் சந்திப்பு 40 நிமிடத்தில் அறுந்துவிடும். முன்பு இருவர் மட்டும் பேசினால் இந்த வரம்பு இல்லை. 2022 முதல் அவர்களுக்கும் அதே 40தான். கூகுள் மீட் இலவசக் கணக்கில் மூவரோ அதற்கு மேலோ இருந்தால் 60 நிமிடம், இருவர் மட்டும் என்றால் 24 மணி நேரம். மைக்ரோசாஃப்ட் டீம்ஸ் இலவசமும் குழுவுக்கு 60 நிமிடம். ஐந்தாம் படிவத்து அரசுத் தேர்வான எஸ்பிஎம்முக்கு ஒன்றரை மணி நேர வகுப்பை இலவச ஸூமில் நடத்தினால் இரண்டு முறை அறுந்து மூன்று முறை கூட வேண்டும். 18 பிள்ளைகளும் திரும்பி வந்து சேர ஒவ்வொரு தடவையும் ஐந்து நிமிடம் போகும். "டீச்சர், உள்ள விடுங்க" என்று வாட்ஸ்அப்பில் வரும் செய்திகளுக்குப் பதில் சொல்வது தனி. மாதம் 12 வகுப்பு என்றால் இரண்டு மணி நேரப் பாடம் இதிலேயே கரைகிறது. டியூஷன் நிலையத்துக்குக் கட்டணத் திட்டம் வேண்டும் என்பதற்கு இந்தக் கணக்கு ஒன்று போதும்.

சேலைக்கடைக்கு அப்படியில்லை. கிள்ளானிலிருந்து ஒரு கல்யாண வீட்டுக்காரர் அழைத்து அரை மணி நேரம் பட்டு பார்க்கிறார் என்றால் வாட்ஸ்அப் காணொளி அழைப்பே போதும். 32 பேர் வரை சேரலாம், நேர வரம்பு இல்லை, 2022 முதல் அழைப்புக்கு இணைப்பு அனுப்பலாம், 2023 முதல் திரையையும் காட்டலாம். வாடிக்கையாளர் புதிதாக எதையும் இறக்க வேண்டாம். மணப்பெண் ஒரு பக்கம், அத்தை சிங்கப்பூரில், அக்கா பினாங்கில் என்று குடும்பமே சேர்ந்து ஒரு மணி நேரத்துக்கு மேல் அலசுகிறார்கள் என்றால்கூட இலவச வாட்ஸ்அப்பே தாங்கும். இதற்காக மாதக் கட்டணம் கட்டுவது வீண். வாட்ஸ்அப்பில் ஒன்று மட்டும் உறுத்தும். குழு அழைப்பில் எல்லோருடைய தொலைபேசி எண்ணும் எல்லோருக்கும் தெரியும். ஒரே குடும்பத்துக்குள் பரவாயில்லை. ஒன்றுக்கொன்று தெரியாத பெற்றோர்களை அப்படிச் சேர்ப்பது முறையல்ல.

ஸ்கைப் கணக்கை நம்பி இருந்தவர்கள் ஏற்கெனவே மாறியிருப்பார்கள். அந்தச் சேவை 2025 மே 5-இல் மூடப்பட்டது. ஜிட்சி மீட் திறந்த மூல மென்பொருள், இலவசம். அதன் பொதுத் தளத்தில் சந்திப்பைத் தொடங்குகிறவர் 2023 முதல் கூகுள் போன்ற ஒரு கணக்கால் உள்நுழைய வேண்டும், சேருகிறவர்களுக்கு அது வேண்டாம். கணினி தெரிந்த பையன் கடையில் இருந்தால் முயன்று பார்க்கலாம். இல்லையென்றால் பிரச்சினை வரும்போது கேட்க ஆள் இல்லாத சேவையை இந்த ஊரில் எடுக்க வேண்டாம் என்பதே என் அபிப்பிராயம்.

கட்டணம் கட்டுவது என்று முடிவானால், உரிமம் சந்திப்பை நடத்துகிறவருக்கு மட்டும்தான். சேருகிற பிள்ளைக்கோ பெற்றோருக்கோ வாடிக்கையாளருக்கோ எதுவும் வாங்க வேண்டாம். இதைப் புரியாமல் ஐந்து பணியாளருக்கும் ஐந்து உரிமம் எடுத்து, அதில் மூன்று தூங்கிக் கிடப்பது சகஜம். எதிர்ப்பக்கத் தவறும் உண்டு. ஒரே உரிமத்தின் கடவுச்சொல்லை மூன்று ஆசிரியர்கள் பகிர்ந்துகொள்வார்கள். உரிமம் என்பது ஓர் ஆளின் பெயருக்கு. ஸூமில் ஒரு கணக்கு ஒரு நேரத்தில் ஒரு கணினியில்தான் உள்நுழைந்திருக்கும். செவ்வாய் இரவு 8 மணிக்கு அறிவியல் டீச்சர் உள்ளே வந்தால் கணக்கு சார் வெளியே தள்ளப்படுவார். ஒரே நேரத்தில் ஓடும் வகுப்புகள் எத்தனையோ, குறைந்தது அத்தனை உரிமம் வேண்டும்.

புதிதாக வாங்குமுன் இருப்பதைத் தடவிப் பாருங்கள். கடையின் பெயரில் மின்னஞ்சல் வேண்டும் என்று கூகுள் வொர்க்ஸ்பேஸ் கட்டிக்கொண்டிருப்பவருக்கு மீட் அதோடு சேர்ந்தே வருகிறது. பிஸினஸ் ஸ்டார்ட்டர் திட்டத்தில் 100 பேர், ஆனால் பதிவு வசதி இல்லை. பிஸினஸ் ஸ்டாண்டர்டில் 150 பேர், பதிவும் உண்டு. டியூஷன் நிலையம் வாங்கும்போது இந்த ஒரு வித்தியாசத்தைக் கவனிக்காமல் கீழ்த்திட்டத்தை எடுத்துவிட்டுப் பிறகு திண்டாடும். லோரி குத்தகை அலுவலகம் போல எக்செல்லும் வேர்டும் இல்லாமல் நாள் ஓடாத இடத்தில் மைக்ரோசாஃப்ட் 365 ஏற்கெனவே இருக்கும். அதே திட்டம் டீம்ஸோடும் விற்கப்படுகிறது, டீம்ஸ் இல்லாமலும் விற்கப்படுகிறது. விலைப்பட்டியலில் எது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

விலையை டாலரில் போட்டிருந்தால் அதுவே கையை விட்டுப் போகும் தொகை என்று எண்ண வேண்டாம். வெளிநாட்டு மின்னிலக்கச் சேவைகளுக்கு மலேசியாவில் 2020 ஜனவரி 1 முதல் சேவை வரி உண்டு. 6% ஆக இருந்தது 2024 மார்ச் 1 முதல் 8%. மாதம் 15 டாலர் திட்டம் என்று வைத்துக்கொண்டால் வரியோடு 16.20. அதன் மேல் வங்கியின் மாற்று விகிதமும் கட்டணமும். டெபிட் கார்டு மறுக்கப்பட்டால் கார்டில் பழுது என்று வங்கிக்கு ஓட வேண்டாம். வெளிநாட்டு, இணையப் பரிவர்த்தனைகளை நீங்களே திறந்துவிட்டால்தான் அது வேலை செய்யும். வங்கிச் செயலியில் அதற்கான பொத்தான் இருக்கும். மின் விலைப்பட்டியல் (இ-இன்வாய்ஸ்) முறைக்குள் வந்துவிட்ட நிறுவனம் என்றால், வெளிநாட்டு விற்பனையாளரிடம் வாங்கியதற்குத் தானே விலைப்பட்டியல் பதிய வேண்டும். ரசீதை மாதாமாதம் கணக்காளரிடம் கொடுத்துவிடுவது நல்லது. வருடத் திட்டம் மலிவுதான். ஆனாலும் முதல் இரண்டு மாதம் மாதத் திட்டத்தில் ஓட்டிப் பார்க்காமல் வருடத்துக்குக் கட்டாதீர்கள்.

சேவையை மாற்றி மாற்றிப் பார்த்தும் படம் உறைகிறது என்றால் குற்றம் பெரும்பாலும் சேவையில் இல்லை, லைனில். வேகம் பார்க்கிறவர்கள் இறங்கு வேகத்தையே பார்க்கிறார்கள். நம் முகமும் குரலும் வெளியே போவது ஏற்று வேகத்தில், அதுதான் சின்னது. காலை 10, மதியம் 3, இரவு 8.30 என்று மூன்று வேளை, மூன்று நாள் சோதித்து எழுதுங்கள். கம்பியில்லா இணையம் வைத்திருப்பவர்களுக்கு இரவுக் கணக்கு முக்கியம். பாசார் மாலாம் என்ற இரவுச் சந்தை நடக்கும் நாளில் அதே கோபுரத்தை ஊரே பிடித்துக்கொண்டிருக்கும். காலையில் சிட்டாகப் பறந்த லைன் அப்போது நத்தையாகும். குழுச் சந்திப்பில் நல்ல தரப் படத்துக்கு ஸூம் கேட்பது ஏற்றத்தில் சுமார் 1 எம்பிபிஎஸ் (வினாடிக்கு ஒரு மெகாபிட்), இறக்கத்தில் 600 கேபிபிஎஸ் (கிலோபிட்). இன்னும் தெளிவான 720பி படம் வேண்டும் என்றால் ஏற்றத்தில் 2.6, இறக்கத்தில் 1.8 எம்பிபிஎஸ். பெரிய எண்கள் இல்லை. ஆனால் அது ஒரே சீராக வர வேண்டும். ஸூமின் அமைப்புகளில் புள்ளிவிவரம் என்ற பகுதியைச் சந்திப்பு நடக்கும்போதே திறந்தால் தாமதம், ஜிட்டர் என்ற தாமதத்தின் ஏற்ற இறக்கம், வழியில் தொலைந்த தரவுப் பொட்டலங்களின் விழுக்காடு மூன்றும் ஓடிக்கொண்டிருக்கும். ஒரு பக்கத் தாமதம் 150 மில்லிவினாடிக்குள், ஜிட்டர் 30-க்குள், இழப்பு 1%-க்குள் இருந்தால் பேச்சு இயல்பாக இருக்கும். இழப்பு ஏறினால் முதலில் ரவுட்டருக்கும் கணினிக்கும் நடுவே கேபிள் போட்டுப் பாருங்கள். கடைவீட்டின் கீழ்த்தளத்தில் ரவுட்டர், வகுப்பு மேல்மாடியில். நடுவில் கான்கிரீட் தளம். வைஃபை அங்கேயே மூச்சு வாங்கிவிடும். 20 மீட்டர் கேபிளுக்கு ஆகும் செலவு ஒரு மாத உரிமத்தைவிடப் பெரிதில்லை.

ஒரு தவறான பயமும் உண்டு. பிள்ளைகள் அதிகமானால் நம் லைன் தாங்குமா என்று கேட்பார்கள். குழுச் சந்திப்பில் நம் படம் ஒரு முறைதான் சேவையின் கணினிக்குப் போகிறது. அங்கிருந்து அதுவே பிரித்து அனுப்பும். 5 பேர் பார்த்தாலும் 50 பேர் பார்த்தாலும் நம் ஏற்றச் சுமை ஒன்றே. சுமை இரட்டிப்பாவது, அதே லைனில் பக்கத்து அறையில் இன்னொரு வகுப்பு ஓடும்போதுதான். அல்லது சிசிடிவி கேமராக்கள் நாள் முழுக்க மேகத்துக்குப் பதிவை ஏற்றிக்கொண்டிருக்கும்போது. இதைக் கண்டுபிடிக்கப் பலருக்கு மாதங்கள் ஆகின்றன.

இனி அந்தக் கடைசிப் பிள்ளையின் பக்கம். 2021 கடைசியில் நாட்டில் 3ஜி நிறுத்தப்பட்டது. 4ஜி பிடிக்காத பழைய கைப்பேசி 2ஜிக்கு விழும், அதில் காணொளிக்கு வழியே இல்லை. அப்படியொரு குடும்பம் உங்கள் பட்டியலில் இருந்தால் எந்தச் சேவையும் காப்பாற்றாது. பதிவைப் பிறகு கொடுப்பதே வழி. செம்பனை அடர்ந்த உட்பகுதியில் ஜன்னலோரமோ வாசல் திண்ணையோதான் லைன் கிடைக்கும் இடம். பிரிபெய்ட் திட்டங்களில் "வரம்பில்லை" என்று எழுதியிருந்தாலும் வேகத்துக்கு உச்சம் இருக்கும், ஹாட்ஸ்பாட்டுக்குத் தனி அளவு இருக்கும். அப்பாவின் கைப்பேசியிலிருந்து ஹாட்ஸ்பாட் போட்டு லேப்டாப்பில் படிக்கும் பிள்ளைக்கு அந்தத் தனி அளவுதான் முதலில் தீரும்.

டேட்டா கணக்கைப் பெற்றோரிடம் சொல்லிவிடுவது நல்லது. இரு பக்கமும் 600 கேபிபிஎஸ் ஓடினால் மணிக்கு 540 எம்பி. வாரம் மூன்று வகுப்பு, ஒன்றரை மணி நேரம் வீதம் என்றால் மாதம் ஏறக்குறைய 10 ஜிபி. பிள்ளை தன் கேமராவை மூடினால் மணிக்கு 270 எம்பியாகப் பாதி குறையும். ஆசிரியரும் தன் முகத்தை மூடிவிட்டு நகராத ஸ்லைடை மட்டும் காட்டிப் பேசினால், திரைப் பகிர்வுக்கு 50 முதல் 75, குரலுக்கு 60 முதல் 80 கேபிபிஎஸ் என, மணிக்கு 70 எம்பியைத் தாண்டாது. முதல் ஐந்து நிமிடம் முகம் காட்டி வணக்கம் சொல்லி, வருகை எடுத்து, பிறகு கேமராவை மூடிப் பாடம் நடத்துவது இந்த ஊருக்கு ஏற்ற முறை. முகம் தெரிந்தால்தான் பிள்ளைகள் கவனிப்பார்கள் என்று வாதிடுவோர் உண்டு. பத்தாம் நாளே டேட்டா தீர்ந்த பிள்ளைக்கு முகமும் தெரியாது, பாடமும் கேட்காது.

கணக்குப் பாடத்துக்குத் தாளில் எழுதிக் காட்ட வேண்டும். எழுதும் பலகை கருவி வாங்க வேண்டியதில்லை. பழைய கைப்பேசி ஒன்றை மேசைக்கு மேலே ஸ்டாண்டில் கவிழ்த்துப் பிடித்து, அதையும் அதே சந்திப்பில் இன்னோர் ஆளாகச் சேர்த்துவிடுங்கள். சேரும்போது ஒலியில் இணைக்கவே கூடாது. மைக்கை மூடினால் மட்டும் போதும் என்று ஒலிபெருக்கியைத் திறந்துவைத்தால் லேப்டாப் மைக் அதைப் பிடித்து அறையே ஊளையிடும். பிறகு அந்தப் படத்தை எல்லோருக்கும் பெரிதாக்க ஸூமில் ஸ்பாட்லைட் செய்யலாம். குறைந்தது மூன்று பேர் உள்ளே இருந்தால்தான் அது வேலை செய்யும் என்பதால் தனியாகச் சோதிக்கிறவர்கள் பொத்தானைத் தேடிக் குழம்புவார்கள்.

ஒலிக்கு வருவோம். மதியம் 3 மணிக்கு மேல் மழை பிடித்தால் தகரக் கூரை அடியில் பேசுவது யாருக்கும் கேட்காது. லேப்டாப் மைக்கை நம்ப வேண்டாம். வாய்க்கு அருகே மைக் வரும் யூஎஸ்பி ஹெட்செட் போதும். ஸூமில் இரைச்சல் நீக்கத்தை உயர் நிலையில் வைத்தால் மழையை நன்றாகவே விழுங்கும். அதே அமைப்பு சங்கீத வகுப்புக்கு எமன். ஒரே சீராக ஒலிக்கும் எதையும் அது இரைச்சல் என்று எடுத்துக்கொள்ளும். தம்பூராச் சுருதி முதலில் காணாமல் போகும். மிருதங்கத்தின் இடப்பக்கமான தொப்பியில் எழும் கும்கி நாதம் தேய்ந்து வெறும் தட்டல்தான் மிஞ்சும். வாய்ப்பாட்டு, வீணை, பரதநாட்டிய வகுப்பு நடத்துகிறவர்கள் ஸூமின் ஒலி அமைப்பில் இசைக்கலைஞர்களுக்கான அசல் ஒலியைத் திறக்க வேண்டும். ஆசிரியர் மட்டுமல்ல, பாடிக் காட்டும் மாணவரும் தம் பக்கத்தில் திறக்க வேண்டும். இருவரும் ஹெட்ஃபோன் போட்டுக்கொண்டால் எதிரொலி நீக்கத்தையும் அணைத்துவிடலாம். புளூடூத் ஹெட்செட் இதற்கு ஆகாது. மைக் இயங்கத் தொடங்கியதும் அதன் ஒலித்தரம் பழைய தொலைபேசிக்கு இறங்கிவிடும். வாட்ஸ்அப்பில் இவ்வளவு அமைப்புகள் கிடையாது. ஆகவே இசை வகுப்புக்கு, பத்துப் பேர்தான் என்றாலும், ஸூம் பக்கம்தான் கை நீளும். எந்தச் சேவையிலும் சேர்ந்து பாடவோ தாளம் போடவோ முடியாது. தாமதத்தால் ஆளுக்கொரு அட்சரத்தில் நிற்பார்கள். குரு பாட, சிஷ்யர் கேட்டுத் திருப்பிப் பாடுவதுதான் நடக்கும்.

சேலைக்கடையில் மெனக்கெட வேண்டியது நிறத்தில். டியூப் விளக்கின் கீழ் அரக்குச் சிவப்பு ஆரஞ்சாகத் தெரிந்தால், "நீங்க காட்டுனது இது இல்லையே" என்று பொட்டலம் திரும்பி வரும். காலை 10 மணிபோல் கடை வாசல் நடையில், நேர் வெயில் படாத வெளிச்சத்தில் காட்டுங்கள். கைப்பேசியின் முன்கேமராவை விட்டுப் பின்கேமராவுக்கு மாற்றுங்கள். சேலைக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாள் வைத்தால் வாடிக்கையாளர் தம் திரை மஞ்சளடிக்கிறதா என்று தாமே ஒப்பிட்டுக்கொள்வார். பின்னணியை மங்கலாக்கும் வசதியை அணைத்துவிட வேண்டும். அது கையில் விரித்த முந்தானையையே பின்னணி என்று நினைத்து ஜரிகைக் கரையைக் கடித்துத் தின்னும். லேப்டாப் கேமராவில் பட்டை பட்டையாகக் கோடுகள் ஓடினால் கேமரா அமைப்பில் மின் அதிர்வெண் 60-இல் இருக்கும். நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதற்கு மாற்றுங்கள். நெசவின் நுணுக்கத்தைக் காணொளியில் காட்ட முயலவே வேண்டாம். அழைப்பு முடிந்ததும் மூன்று புகைப்படம் அனுப்புங்கள். காஞ்சிபுரத்து நெசவாளரோடு பேசும் கடைக்காரர்கள் நேரத்தை வாயால் சொல்லாமல் நாள்காட்டி அழைப்பாக அனுப்பினால் இரண்டரை மணி நேர வித்தியாசத்தை அதுவே சரிசெய்யும். அவர்களின் காலை 10 மணி நமக்கு 12.30.

இடி மழையில் ஈஎல்சிபி என்ற மின்கசிவுப் பாதுகாப்பு சுவிட்ச் விழுந்து மின்சாரம் போனால் ஃபைபர் லைன் சாவதில்லை, மோடமும் ரவுட்டரும்தான் அணைகின்றன. இரண்டும் பெரும்பாலும் 12 வோல்ட் கருவிகள். அடாப்டரில் எழுதியிருக்கும் ஆம்பியரைப் பார்த்து இரண்டையும் கூட்டி, அதைத் தாங்கும் சின்ன டிசி யூபிஎஸ் ஒன்று வைத்தால் லேப்டாப் பேட்டரியோடு வகுப்பு முடியும்வரை ஓடும்.

பதிவில் இரண்டு சிக்கல் இருக்கிறது. ஸூம் இலவசக் கணக்கில் கணினியில் மட்டும்தான் பதியலாம், கைப்பேசியில் முடியாது. சந்திப்பு முடிந்ததும் பதிவான கோப்பை அது காணொளியாக மாற்றத் தொடங்கும். அது முடியும் முன் லேப்டாப்பை மடக்கிவிட்டு வீட்டுக்குக் கிளம்பினால் படமாகாத கோப்பு ஒன்று அப்படியே கிடக்கும். பதறி அழிக்க வேண்டாம். அதை இருமுறை சொடுக்கினால் மாற்றம் விட்ட இடத்திலிருந்து நடக்கும். இன்னொன்று, சட்டம். 2013 நவம்பர் 15 முதல் நடப்பில் இருக்கும் 2010-ஆம் ஆண்டுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் சின்னக் கடையின் வணிகத்துக்கும் பொருந்தும். பிள்ளைகளின் முகமும் குரலும் பதிவாகிறது என்றால் பெற்றோரிடம் சேர்க்கைப் படிவத்திலேயே எழுத்தில் சம்மதம் வாங்கிக்கொள்ளுங்கள். அந்தப் பதிவின் இணைப்பை முகநூலில் போடாதீர்கள். சந்திப்பின் இணைப்பையும் அப்படித்தான். காத்திருப்பு அறையைத் திறந்துவைத்து, "ஓப்போ" என்று கைப்பேசியின் பெயரிலேயே வந்து நிற்பவரை உள்ளே விடாதீர்கள். பிள்ளையின் பெயரைப் போட்டுவிட்டு வரச் சொல்லுங்கள்.

கோவிட் நடமாட்டக் கட்டுப்பாட்டுக் காலத்தில் அவசரமாகத் திறந்த கணக்குகள் பல இன்னும் அப்போதைய கிராணியின் (எழுத்தரின்) சொந்த ஜிமெயிலில் கிடக்கின்றன. அவர் வேலையை விட்டுப் போனால் பதிவுகளும் பெற்றோர் பட்டியலும் கட்டணக் கார்டும் அவரோடு போகும். கணக்கைக் கடையின் மின்னஞ்சலுக்கு மாற்றி, மீட்பு எண்ணாக முதலாளியின் எண்ணைக் கொடுங்கள்.

எல்லாம் பார்த்து இரண்டு சேவை மிஞ்சும். ஞாயிறு காலை ஒன்றை, புதன் இரவு மற்றொன்றைச் சோதியுங்கள். சோதனைக்கு நண்பர்களைக் கூப்பிடாதீர்கள். லைன் மோசமான மூன்று வீடுகளைக் கூப்பிடுங்கள். இணைப்பை அழுத்தியதிலிருந்து குரல் கேட்பது வரை எத்தனை நிமிடம், எத்தனை தடவை "டீச்சர், கட்டாகுது" என்று சொன்னார்கள், யார் போன் செய்து உதவி கேட்டார்கள் என்று மட்டும் குறித்தால் போதும். இரண்டு நிமிடத்துக்குள் மூவரும் உள்ளே வந்த சேவையை எடுங்கள். மற்றதில் கட்டண மாதம் ஓடிக்கொண்டிருந்தால் புதுப்பிக்கும் தேதிக்கு முன்பே ரத்து செய்யுங்கள். மேகத்தில் வைத்த பதிவுகள் இருந்தால், கட்டிய மாதம் முடிவதற்குள் இறக்கி ஒரு ஹார்ட் டிஸ்க்கில் போட்டுவிடுங்கள்.